மெக்சிக்கோ நகரமா, குவாதலஹாராவா?

ஊர்ப் பெயர்கள் சில வேளைகளில் மனிதரை ஏமாற்றிவிடுகின்றன. மெக்சிக்கோ நாட்டைப் பற்றிப் பேசும்போது குவாதலூப்பே என்னும் பெயர் நம் செவியில் விழும். அன்னை மரியாளின் திருப்பெயரோடு சேர்ந்து உலகெங்கும் ஒலிக்கும் பெயர் அது. குவாதலஹாரா என்று மற்றொரு பெயரும் உண்டு. அது அந்நாட்டுப் பெருநகரங்களுள் ஒன்றின் பெயர். இரண்டுமே ஸ்பெயின் தேசத்து ஊர்களிலிருந்து கடல் கடந்து சென்ற பெயர்கள். இரண்டின் முற்பகுதியும் ஆற்றுப் பள்ளத்தாக்கைக் குறிக்கும் ஓர் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது என்பர். ஆகவே அவை உடன்பிறந்தவை போல ஒலிப்பதில் வியப்பில்லை. ஆயினும் குவாதலூப்பே அன்னையின் திருத்தலம் குவாதலஹாராவில் இல்லை. அங்கிருந்து ஏறத்தாழ 540 கிலோமீட்டர் தொலைவில், நாட்டின் தலைநகராகிய மெக்சிக்கோ நகரத்தில் அது இருக்கிறது. இந்தப் பெயர்க் குழப்பம் எங்கள் சிறு பயணமொன்றில் எங்கள் மனச்சான்றைச் சோதித்துப் பார்த்தது. அந்த நிகழ்ச்சியையும், அவ்விரு நகரங்களைப் பற்றி நாங்கள் அறிந்துகொண்டவற்றையும் வாசக நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

சென்ற ஆண்டு, அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் வாழும் எங்கள் மகள் வீட்டிற்குச் சென்றிருந்தோம். நாங்கள் என்றால் கணவன் மனைவி இருவரும், எழுபத்தெட்டு வயது நிரம்பிய எங்கள் தாயாரும். செப்டம்பர் மாத இறுதியில் நான்கு நாட்கள் மெக்சிக்கோவிற்குச் சென்று வரலாம் என்று மகள் ஏற்பாடு செய்தாள். ஹூஸ்டனிலிருந்து விமானம் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் மெக்சிக்கோ நகரம். ஏறத்தாழ அதே நேரத்தில் குவாதலஹாரா. இரண்டையும் பார்த்துவிட்டால் என்ன என்று முதலில் எண்ணினோம். ஆனால் ஒரு நகரிலிருந்து மற்றொன்றிற்குப் பேருந்தில் செல்ல ஏழு மணி நேரம் ஆகிறது. விமானத்தில் சென்றாலும் நிலையத்திற்குப் போவதிலும் காத்திருப்பதிலும் அரைநாள் கழிந்துவிடும். நான்கு நாட்களில் இரு பெருநகரங்களையும் காண முயல்வோர் பெரும்பாலும் விமான நிலையங்களையே கண்டு திரும்புவர். ஆகவே ஒன்றை மட்டுமே தேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது.

முதலில் தலைநகரின் பெருமையைச் சொல்லுவோம். 1325ஆம் ஆண்டில் மெஷிக்கா இனத்து மக்கள் ஓர் ஏரியின் நடுவே இருந்த தீவில் தெனோச்தித்லான் என்னும் தம் ஊரை அமைத்தனர் என்பது மரபு. 1521 ஆகஸ்டு 13 அன்று எர்னான் கொர்த்தேஸ் என்பவரின் தலைமையில் வந்த ஸ்பானியரும், அவர்களோடு கூட்டுச் சேர்ந்த உள்நாட்டு இனத்தாரும் அதனைக் கைப்பற்றினர். பழைய ஊரின் இடிபாடுகளின் மீதே புதிய நகரம் எழுந்தது. காலப்போக்கில் ஏரியின் நீர் வடிக்கப்பட்டு, அதன் சேற்றுப் படுகையின் மேல் வீடுகளும் ஆலயங்களும் மாளிகைகளும் நிறைந்தன. இன்று அப்பெருநகரிலும் அதனை அடுத்த புறநகர்களிலும் இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழ்கின்றனர்.

சேற்றின் மேல் கட்டிய நகரம், தன் அடியிலுள்ள நிலத்தடி நீரையே இறைத்துக் குடித்தும் வருகிறது. ஆகவே நிலம் தாழ்ந்துகொண்டே போகிறது. 1573-ல் தொடங்கி 1813-ல் நிறைவுற்ற பேராலயம், பகுதிக்கு ஓர் அளவாகத் தாழ்ந்தமையால் சாய்ந்து, அண்மைக் காலத்தில் பெருமுயற்சியால் காக்கப்பட்டது. 1910-ல் நாட்டு விடுதலைப் போரின் நூற்றாண்டு நினைவாக எழுப்பிய வானதூதர் தூணைச் சுற்றிலும் தரை இறங்கிவிட்டதால், அதன் அடியில் 14 படிகளைப் பின்னர்ச் சேர்க்க வேண்டியதாயிற்று. நிலநடுக்கமும் அந்நகரை விடவில்லை. 1985 செப்டம்பர் 19 அன்று நேர்ந்த பேரழிவின் நினைவாக ஆண்டுதோறும் அதே நாளில் பாதுகாப்பு ஒத்திகை நடத்துவர். 2017-ல் அந்த ஒத்திகை முடிந்து இரண்டு மணி நேரம் போலக் கழிவதற்குள் மெய்யாகவே நிலம் மீண்டும் அதிர்ந்தது. இத்தனைக்கும் பிறகு அம்மக்கள் தம் ஊரை விட்டகலாமல் வாழ்வது எண்ணி வியக்கத்தக்கது.

காண வேண்டியவை அங்கே ஏராளம். 1978-ல் மின் கம்பி புதைக்கக் குழி தோண்டிய தொழிலாளர்கள் வட்டமான பெருங்கல் சிற்பம் ஒன்றைக் கண்டனர். அதனைத் தொடர்ந்து மெஷிக்கா மக்களின் பெருங்கோயிலே நகரின் நடுவில், பேராலயத்தின் அருகில், அகழ்ந்து வெளிக்கொணரப்பட்டது. 1964-ல் திறக்கப்பட்ட தேசிய மானிடவியல் அருங்காட்சியகத்தைக் கருத்தோடு காண ஒருநாள் முழுதும் போதாது. 1969 முதல் ஓடும் சுரங்க இரயிலில் ஒவ்வொரு நிலையத்திற்கும் பெயரோடு ஒரு படமும் அடையாளமாக உண்டு. எழுத்தறியாதவரும் மொழி தெரியாதவரும் படத்தைப் பார்த்து இறங்கிக்கொள்ளலாம். இவற்றையெல்லாம் படித்தபோது எங்கள் மனம் தலைநகரின் பக்கமே சாய்ந்தது.

எல்லாவற்றிற்கும் மேலாக, தெப்பேயாக் குன்று அங்கேதான் இருக்கிறது. 1531 டிசம்பர் மாதத்தில் ஹுவான் தியேகோ என்னும் எளிய இந்தியருக்கு அன்னை தோன்றி, அவருடைய நார்த்துணி மேலாடையில் தம் திருவுருவைப் பதித்தருளினார் என்பது அம்மக்கள் வழிவழியாகப் போற்றும் நம்பிக்கை. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 2002-ல் அந்த ஹுவான் தியேகோவை அக்குன்றின் அடியிலேயே புனிதராக அறிவித்தார். 1709-ல் அர்ப்பணிக்கப்பட்ட பழைய ஆலயமும் தாழ்ந்து சாய்ந்ததால், 1976-ல் பத்தாயிரம் பேர் கூடக்கூடிய புதிய வட்டவடிவப் பேராலயம் திறக்கப்பட்டது. அருங்காட்சியகத்தை அமைத்த கட்டடக் கலைஞர் பேத்ரோ ராமிரேஸ் வாஸ்கேஸ் இதனை அமைத்தவர்களுள்ளும் முதன்மையானவர். திருவுருவின் கீழே நகரும் நடைபாதை உண்டு. கூட்டம் தேங்காமல், அனைவரும் அண்ணாந்து பார்த்தவாறே கடந்து செல்லலாம். ஆண்டுதோறும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் அங்கு வருகின்றனர்.

எங்கள் தாயாரின் செபப் புத்தகத்துள் குவாதலூப்பே அன்னையின் சிறு படம் ஒன்று உண்டு. நாற்பது ஆண்டுகளுக்கு முன் எங்கள் பங்கில் ஞானஒடுக்கம் நடத்த வந்த குருவானவர் ஒருவர் கொடுத்தது. ஓரங்கள் தேய்ந்து, நிறம் மங்கிப்போயிற்று. மெக்சிக்கோ என்ற சொல்லை மகள் வாய் திறந்து சொன்ன அன்றே அவர் அந்தப் படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நாங்கள் எந்த நகரம் என்று ஆராய்ந்துகொண்டிருந்தபோது, அவருடைய மனத்தில் ஐயமே இல்லை.

இங்கேதான் இடர்ப்பாடு எழுந்தது. தாயாருக்குப் பல்லாண்டுகளாக மூச்சிரைப்பு உண்டு. மெக்சிக்கோ நகரம் கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதாவது நம் உதகமண்டலத்தின் உயரம். அங்கே காற்று மெலிந்திருப்பதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு கடற்கரையில் கிடைப்பதைவிட ஏறத்தாழக் கால் பங்கு குறைவு. நகரைச் சுற்றி மலைகள் நிற்பதால் வாகனப் புகையும் எளிதில் கலைவதில்லை. குவாதலஹாராவோ சுமார் 1,560 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே அக்குறைவு ஆறில் ஒரு பங்குதான். கேட்பதற்குச் சிறு வேற்றுமை போலத் தோன்றும். நல்ல நுரையீரல் உடையோர்க்கு அது சிறு வேற்றுமையே.

ஹூஸ்டனில் ஒரு மருத்துவரைக் கலந்துகொண்டோம். "விமானத்திற்குள்ளும் உயர்ந்த மலைமேல் இருப்பது போன்ற மெல்லிய காற்றுத்தானே இருக்கிறது? அதைத் தாங்கியவர் இதைத் தாங்கமாட்டாரா?" என்று வினவினோம். "சில மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பது வேறு, நாள்தோறும் நடந்து, படியேறி, இரவிலும் அதே காற்றில் உறங்குவது வேறு. போகவே கூடாது என்று நான் தடுக்கவில்லை. ஆனால் என் தாயாராக இருந்தால் தாழ்ந்த ஊரையே தேர்ந்துகொள்வேன்" என்றார் அவர். வீடு திரும்பும் வழியில் நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

அன்று மாலையே மகள் குவாதலஹாராவிற்கு விமானச்சீட்டு விலை பார்க்கத் தொடங்கினாள். கூடத்தில் அமர்ந்திருந்த தாயாரின் காதில் அந்தப் பெயர் விழுந்தது. அவர் முகம் மலர்ந்தது. "குவாதலூப்பேக்குத்தானே சீட்டு எடுக்கிறீர்கள்? மாதா அழைத்துவிட்டாள்" என்று சொல்லிச் சிலுவை வரைந்துகொண்டார்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் உள்ளத்தில் எழுந்த எண்ணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். திருத்தாமல் விட்டுவிட்டால் என்ன? குவாதலஹாராவிலும் பேராலயம் உண்டு. அன்னையின் திருத்தலமும் உண்டு. கண் மங்கிய வயதில் அவர் வேறுபாடு காணப்போவதில்லை. மனநிறைவோடு செபித்துத் திரும்புவார். யாருக்கு என்ன தீங்கு? அன்பினால் சொல்லும் பொய் பொய்யாகுமா? இவ்வாறெல்லாம் அன்றிரவு எங்களுக்கு நாங்களே நியாயம் சொல்லிக்கொண்டோம். ஆயினும் உறக்கம் வரவில்லை. நாற்பது ஆண்டுகளாக ஒரு படத்தின் முன் செபித்துவரும் ஒருவருக்கு, அது இல்லாத இடத்தைக் காட்டி இதுதான் என்று சொல்வது, அவரை முதியவர் என்று மதிப்பதாகுமா, குழந்தை என்று எண்ணுவதாகுமா? நம் பெற்றோர் தளர்ந்தபின், அவர்கள் நலத்தை நாடுகிறோம் என்று சொல்லிக்கொண்டே அவர்கள் முடிவெடுக்கும் உரிமையை எவ்வளவு எளிதாகப் பறித்துவிடுகிறோம்!

மறுநாள் காலையில் உண்மையைச் சொன்னோம். இரு பெயர்களையும் தாளில் எழுதிக் காட்டினோம். மருத்துவர் கூறியதையும் ஒளிக்கவில்லை. "அம்மா, எந்த நகரம் என்பதை நீங்களே சொல்லுங்கள். தலைநகர் என்றால் சக்கர நாற்காலியோடு மெதுவாக அழைத்துச் செல்கிறோம்" என்றோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. கண்கள் கலங்கியிருந்தன. உணவு வேளைக்குப் பின்னரே வாய் திறந்தார். "மூச்சு வாங்கிக்கொண்டு மாதா முன்னால் விழுந்து உங்களைக் கலங்க வைக்க எனக்கு மனமில்லை. தாழ்வான ஊருக்கே போவோம். போகிற ஊரில் ஒரு செபமாலையாவது நின்று நிதானமாகச் சொல்லுவேன்" என்றார். சற்றுப் பொறுத்து, "நல்லவேளை, சொன்னீர்கள். அங்கே போய் வேறு யாராவது சொல்லி நான் தெரிந்துகொண்டிருந்தால் எனக்கு எவ்வளவு வெட்கமாக இருந்திருக்கும்?" என்றும் சேர்த்துச் சொன்னார். அந்தச் சொல் எங்கள் நெஞ்சில் தைத்தது.

இவ்வாறு குவாதலஹாரா சென்றோம். 1542 பிப்ரவரி 14 அன்று, மூன்று முறை இடம் மாறிய பின்னர், நான்காவதாக அமைத்த இடத்தில் நிலைத்த நகரம் அது. இன்று சுற்றுப்புறங்களோடு சேர்த்து ஐம்பது இலட்சத்திற்கு மேற்பட்டோர் வாழ்கின்றனர். எனினும் பழைய நகரின் நடுப்பகுதி முதியோர் நடந்து பார்க்கக்கூடிய அளவிலேயே உள்ளது. பேராலயத்தைச் சுற்றி நான்கு பெரிய சதுக்கங்கள் சிலுவை வடிவில் அமைந்திருக்கின்றன. எங்கு பார்த்தாலும் நிழலும் இருக்கைகளும் உண்டு. பேராலயம் 1618-ல் அர்ப்பணிக்கப்பட்டது. 1818-ல் நேர்ந்த நிலநடுக்கத்தில் அதன் பழைய கோபுரங்கள் இடிந்தன. மஞ்சள் ஓடு வேய்ந்து கூர்மையாய் நிற்கும் இன்றைய கோபுரங்கள் 1854-ல் நிறைவுற்றவை. அவற்றை நகரின் அடையாளமாகவே அம்மக்கள் கொண்டாடுகின்றனர்.

பேராலயத்தின் பின்புறமுள்ள சதுக்கத்தில், அறுந்த சங்கிலியைக் கையில் ஏந்திய ஒருவரின் சிலை நிற்கிறது. மிகேல் இதால்கோ என்னும் பங்குக் குருவானவர் அவர். மெக்சிக்கோ விடுதலைப் போரைத் தொடங்கிய அவர், 1810 டிசம்பர் மாதம் இந்நகரில் இருந்தபோதுதான் அடிமை முறையை ஒழிக்கும் ஆணையை வெளியிட்டார். அடுத்த ஆண்டே அவர் பிடிபட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அச்சதுக்கத்திலிருந்து கிழக்கு நோக்கி மெல்ல நடந்தால் கபாஞாஸ் இல்லம் வருகிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயர் ஹுவான் ருயிஸ் தே கபாஞாஸ், அனாதைக் குழந்தைகள், முதியோர், நோயாளர் ஆகியோருக்குப் புகலிடமாக இதனை எழுப்பினார். மனுவேல் தொல்சா என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் வகுத்த அமைப்பு. இவ்வளவு பெரிய கட்டடத்தில் மாடி இல்லை. முற்றங்களும் தாழ்வாரங்களுமாக எல்லாம் ஒரே தளத்தில் விரிந்திருக்கின்றன. தளர்ந்தவர்களும் சிறுவர்களும் இடர்ப்படாமல் நடமாட வேண்டும் என்னும் நோக்கத்திற்கு ஏற்ற அமைப்பு அது. 1980 வரை அனாதைச் சிறுவர்கள் இங்கே வளர்ந்தனர். 1997-ல் யுனெஸ்கோ இதனை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. "ஒரு படிகூட ஏறவில்லையே!" என்று தாயார் திரும்பத் திரும்பச் சொன்னார். இருநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஆயர் ஒருவரின் இரக்கம் அன்று எங்கள் தாயாரின் முழங்காலுக்கும் மூச்சிற்கும் பயன்பட்டது.

இல்லத்தின் சிற்றாலயத்தில், ஹலிஸ்கோ மாநிலத்து ஓவியர் ஹொசே கிளெமெந்தே ஒரோஸ்கோ 1930-களின் இறுதியில் வரைந்த சுவரோவியங்கள் உள்ளன. இளமையில் வெடிமருந்து வெடித்து இடக்கையை இழந்தவர் அவர். ஒற்றைக் கையால் சுவர்களையும் மேல்வளைவுகளையும் நிறைத்துள்ளார். கூம்பு மாடத்தின் உச்சியில் நெருப்பாய் எரிந்தவாறு மேலெழும் மனிதன் ஒருவனின் உருவம். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்காமலிருக்கப் பலகைகள் போட்டிருக்கிறார்கள்; எல்லாரும் அவற்றில் படுத்துப் பார்க்கின்றனர். தாயாரும் நாணத்தோடு படுத்துப் பார்த்தார். போரையும் கொடுமையையும் ஒளிக்காமல் காட்டும் ஓவியங்கள் அவை. பார்த்துவிட்டு எழுந்தவர்கள் சற்று நேரம் அமைதியாகவே நடந்தனர்.

உணவைப் பற்றியும் ஒரு சொல். மிளகாய் மெக்சிக்கோ மண்ணிலிருந்தே நம் நாட்டிற்கு வந்தது என்பதைச் சாந்துகளைச் சுவைக்கும்போதே உணரலாம். சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்துத் தட்டும் தோர்த்தியா என்னும் மெல்லிய அடை அவர்களுக்கு அன்றாட உணவு. குவாதலஹாராவிற்கே உரியது, உப்பிட்ட முறுகிய ரொட்டிக்குள் இறைச்சி வைத்து, தக்காளியும் மிளகாயும் சேர்ந்த குழம்பில் மூழ்க வைத்துத் தருவது. அதன் பெயருக்கே மூழ்கிய ரொட்டி என்றுதான் பொருள். தாயார் அதனை விரும்பி உண்டார். 2020-ல் திறக்கப்பட்ட மூன்றாம் இரயில் தடம், குயவர்களும் கைவினைஞர்களும் நிறைந்த த்லாகேபாகே ஊரையும், நகர் நடுவையும், சப்போப்பான் திருத்தலத்தையும் ஒரே கோட்டில் இணைப்பதால் எங்கும் அலைச்சலின்றிச் சென்று வந்தோம்.

ஆனால் குவாதலஹாராவை இனிமை மட்டுமே நிறைந்த ஊர் என்று எழுதினால் அது உண்மையாகாது. நகரின் முக்கியச் சாலைச் சந்திப்பு ஒன்றில் சிறுவீரர்கள் நினைவுச்சின்னம் உண்டு. 2018 முதல் அதனைக் காணாமற்போனோர் வட்டம் என்று மக்கள் அழைக்கின்றனர். குற்றக் கூட்டங்களின் வன்முறையால் காணாமற்போன பிள்ளைகளின் படங்களை அவர்களின் குடும்பத்தார் அங்கே ஒட்டிவைக்கின்றனர். மெக்சிக்கோ முழுவதிலும் இவ்வாறு காணாமற்போனோராகப் பதிவு செய்யப்பட்டவர்கள் 2022-லேயே ஓர் இலட்சத்தைத் தாண்டிவிட்டனர். குவாதலஹாராவைத் தலைநகராகக் கொண்ட ஹலிஸ்கோ மாநிலத்தில் அத்தொகை மிகுதி. மண்வெட்டியும் இரும்புக் கம்பியும் ஏந்தி, தம் மக்களின் எலும்பையேனும் தேடித் திரியும் தாய்மார் அங்கே உண்டு. அவ்வட்டத்தின் ஓரத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, தாயார் அந்த இளம் முகங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மொழி தெரியாதபோதும் அந்தப் படங்கள் என்ன சொல்லுகின்றன என்று அவருக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "இத்தனை தாய்மாரா!" என்பது மட்டும் அவர் வாயிலிருந்து வந்தது.

மூன்றாம் நாள் சப்போப்பான் சென்றோம். பிரான்சிஸ்கு சபைத் துறவியர் பேணிவரும் அப்பேராலயத்திற்குத் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1979 சனவரி 30 அன்று வந்து செபித்தார். அங்கு வணங்கப்படும் அன்னையின் சுரூபம் 34 சென்டிமீட்டர் உயரமே உடையது. ஒரு முழத்திற்கும் குறைவு. சோளத்தட்டையின் சோற்றை அரைத்துக் குழைத்து உருவாக்கும் பழங்குடி மக்களின் கைத்தொழிலால் 16ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்டது. அக்காலத்தில் ஸ்பானியருக்கும் பழங்குடியினருக்கும் நடந்த கொடிய போரின் நடுவே, அந்தோனியோ தே செகோவியா என்னும் துறவி அதனைக் கழுத்தில் தொங்கவிட்டவாறு சமாதானம் வேண்டிச் சென்றார் என்பர்.

இத்திருத்தலத்தின் வழக்கம் ஒன்று எங்களுக்குப் புதுமையாக இருந்தது. கொள்ளைநோயும் இடியும் புயலும் வருத்திய 1734ஆம் ஆண்டு முதல், மழைக்காலத்தில் அன்னை ஒரே இடத்தில் தங்கியிருப்பதில்லை. மே மாதம் புறப்பட்டு, குவாதலஹாராவின் பங்கு ஆலயங்களை ஒவ்வொன்றாகச் சந்திக்கிறார். அக்டோபர் 12 அன்று பேராலயத்திலிருந்து சப்போப்பானுக்குத் திரும்பும்போது, இருபது இலட்சம் போல மக்கள் திரளுகின்றனர். பழங்குடி உடையணிந்த நடனக் குழுக்கள் வழிநெடுக ஆடிச் செல்லும். அன்னையைத் தாங்கிய புதிய மோட்டார் வண்டியின் இயந்திரத்தை இயக்காமல், கயிறு பூட்டிப் பக்தர்களே இழுத்துச் செல்வர். தேர் வடம் பிடிக்கும் நம் மக்கள் கண்டால் தம் ஊர்த் திருவிழா என்றே எண்ணுவர். 2018-ல் யுனெஸ்கோ இத்திருப்பயணத்தை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது.

அந்தப் பெருங்கூட்டத்தில் தாயாரை நிறுத்த எங்களால் இயலாது. நாங்கள் சென்றது அதற்குச் சில நாட்கள் முன்னர். ஆனால் அன்று மாலை அன்னை வேறொரு பங்கிற்கு எழுந்தருளுவார் என்று விடுதிக்காரப் பெண்மணி சொன்னார். அது நாங்கள் தங்கியிருந்த தெருவிலிருந்து சிறிது தொலைவே. எளிய மக்கள் வாழும் பகுதி. தெருவின் குறுக்கே வண்ணத்தாள் தோரணங்கள்; வீட்டு வாசல்களில் மேசையிட்டு மலரும் மெழுகுதிரியும் வைத்திருந்தனர். எங்கள் தாயாரைக் கண்டதும் ஒரு மூதாட்டி தன் நாற்காலியை விட்டெழுந்து அவரை அமரச் செய்தார். வாத்தியம் முழங்க, அந்தச் சிறிய சுரூபம் மெல்ல மெல்ல நெருங்கி, எங்கள் தாயார் இருந்த இடத்தைக் கடந்து சென்றது. அவர் எழுந்து நின்றார். மூச்சு இரைக்கவில்லை.

கூட்டம் கலைந்த பின், தாயார் தம் செபப் புத்தகத்திலிருந்து அந்த மங்கிய படத்தை எடுத்து நாற்காலி தந்த மூதாட்டியிடம் காட்டினார். "குவாதலூப்பே!" என்று வியந்து கூவிய அம்மூதாட்டி, படத்தைக் கண்களில் ஒற்றிக்கொண்டு திருப்பித் தந்தார். பிறகு இருவரும் ஒருவர் கையை ஒருவர் பற்றியவாறு, ஒருவர் தமிழிலும் மற்றவர் ஸ்பானிய மொழியிலுமாக அருள் நிறைந்த மந்திரத்தைச் சொன்னார்கள். நாங்கள் சற்று விலகி நின்றோம்.

இனி, எந்த நகரம் சிறந்தது என்று எவரேனும் வினவினால் எங்கள் விடை இதுவே. நல்ல உடல்நலமும் ஒரு வார அவகாசமும் உடையோர் தயங்காமல் மெக்சிக்கோ நகரம் செல்க. அதன் வரலாறும் அருங்காட்சியகமும் தெப்பேயாக் குன்றும் வேறெங்கும் கிடையாதவை. முதல் நாளில் ஓடியாடாமல் இளைப்பாறி, உயரத்திற்கு உடலைப் பழக்கிக்கொள்வது நன்று. முதியோரையும் சிறுவரையும் உடன் அழைத்துக்கொண்டு மூன்று நான்கு நாட்களுக்குச் செல்வோர்க்குக் குவாதலஹாரா ஏற்றது. இரு நகரங்களிலும் மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். மழை பெரும்பாலும் மாலையில் பெய்வதால் காலை வேளையை வெளியில் செல்ல ஒதுக்கிக்கொள்க. இரவில் அறியாத தெருக்களில் தனித்துத் திரியாமலிருப்பது இரண்டிடத்தும் அறிவுடைமை.

குவாதலஹாரா எங்களுக்கு மனநிறைவு தந்ததால் இழப்பே இல்லை என்று சொல்லமாட்டோம். எங்கள் தாயார் தெப்பேயாக் குன்றைக் காணவில்லை. இனிக் காண்பார் என்றும் உறுதி கூற இயலாது. ஊர் திரும்பியதும் அந்தப் படத்தை எங்களிடம் கொடுத்து, "நீங்கள் என்றைக்காவது அந்த ஊருக்குப் போனால் இதை மாதா முன்னால் காட்டிவிட்டு வாருங்கள்" என்றார். வாங்கி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு மாலையும் செப வேளையில் அவர் அதனைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார். செபம் முடிந்ததும் மறவாமல் எங்களிடமே திருப்பித் தந்துவிடுகிறார்.